காதுக்கு மேலே

என் சிகிச்சை அறையில் இரண்டு கட்டில்கள், நடுவில் ஒரு திரை. திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்காது.

வலியோடு வந்தவர்கள் ஓர் அண்ணனும் தம்பியும். இந்தப் பக்கக் கட்டிலில் அண்ணன். முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். வலது தோள் இறுகிப்போய், கை தோள் உயரத்தைத் தாண்ட மறுத்தது. கை தூக்க முடியாமல் அந்தத் தொழிலில் என்ன செய்வது? மாதக் கடைசிக்குள் சரியாகவில்லை என்றால் கடையைப் பூட்டிவிடப்போவதாகச் சொல்லியிருந்தார். அந்தப் பக்கக் கட்டிலில் தம்பி. தையல்காரர். மெஷினை மிதித்து மிதித்துக் குதிகால் போய்விட்டது. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே உயிர் போகிறது என்றார். இருவர் கடையும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஆனால் பல வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏன் என்று கேட்டேன். அண்ணன் ஒரு காரணம் சொன்னார், தம்பி வேறொன்று சொன்னார். இரண்டும் உப்புப் பெறாதவை.

தம்பியின் குதிகாலில் அதிர்வுக் கருவியை வைத்தால் டக்டக்கென்று சத்தம் வரும். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

"அந்தப் பக்கம் என்னமோ ஓடுது. எனக்கு மட்டும் ஏம்மா வெறுங்கை?" என்பார் அண்ணன்.

"உங்க தோளுக்குக் கைதான் வேலை செய்யும். பேசாம இருங்க."

அவருக்குச் சூடு ஒத்தடம் கொடுத்து, கையைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி இறக்கி, சுவரில் விரலால் ஏறச் சொல்லிப் பழக்குவதற்குள் எனக்கே தோள் வலித்துவிடும். உடனே திரைக்கு அப்பாலிருந்து குரல் வரும்.

"அங்க அவ்ளோ நேரம் பாக்கறீங்க. எனக்கு சுவிட்சைத் தட்டிட்டுப் போயிடறீங்க."

"உங்களுக்கு மெஷின் பாதி, பயிற்சி பாதி. கால் விரலைப் பின்னால இழுத்துப் பிடிக்கச் சொன்னேனே, செஞ்சீங்களா?"

"செஞ்சேன்."

செய்யவில்லை. செய்தவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

இப்படியே ஏட்டிக்குப் போட்டி. அண்ணனுக்கு எவ்வளவு நேரம், அண்ணனுக்கு எந்த எண்ணெய், அண்ணன் கை எப்போது ஏறும் என்று தம்பி துருவித் துருவிக் கேட்பார். தின்பண்டத்தைப் பங்கு பிரித்தால் யாருக்குப் பெரிய துண்டு என்று பார்க்கும் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அண்ணனிடம் கொஞ்ச நாளைக்குக் கத்தரியைத் தொடக்கூடாது என்றும், தம்பியிடம் மெஷினை மிதிக்கக்கூடாது என்றும் கண்டித்துச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் தம்பி வந்தார். காதுவரை முடி சுற்றிலும் அழகாக வெட்டப்பட்டிருந்தது. காதுக்கு மேலே காடு.

"யாரு வெட்டினது?"

"அவருதான்."

"பாதியில எழுந்து வந்துட்டீங்களா?"

"நாற்காலியை அடி வரைக்கும் இறக்கிப் பாத்தாரு. கை அவ்ளோதான் வந்துச்சு."

"பேசிக்கிட்டீங்களா?"

"இல்ல. போய் உக்காந்தேன். துணியைக் கட்டினாரு."

திரையை விலக்கிப் பார்த்தேன். அண்ணன் புதுச் சட்டையில் இருந்தார். கழுத்திலிருந்து வலது கை நுனிவரை பிரித்து, பொத்தான் வைத்துத் தைத்தது. கையைத் தூக்காமலே போட்டுக்கொள்ளலாம்.

"இது எப்ப வந்துச்சு?"

"காலையில கடைக் கதவுல தொங்கிச்சு," என்றார் அண்ணன்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் கட்டுவதை இருவரும் சேர்ந்து அவிழ்த்திருந்தார்கள். திரையை இழுத்து மூடிவிட்டுத் தம்பியிடம் வந்து, கத்தலாம் என்று வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"டாக்டரம்மா, என் நேரத்தையும் அவருக்கே குடுத்துடுங்க. நான் நொண்டிக்கிட்டே தைச்சுக்குவேன். அவரால கை தூக்காம வெட்ட முடியாது."

இத்தனை நாளும் நான் பொறாமை என்று நினைத்தது இதைத்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. விரலை இழுங்க என்றேன். முதல்முறையாக இழுத்தார்.

சற்று நேரம் கழித்துத் திரைக்கு அப்பாலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"அவன் கால்ல மெஷினை வைங்கம்மா. சத்தத்தையே காணோம்."

வைத்தேன். டக்டக்கென்று ஓடிய பிறகுதான் அவர் தன் கையை என்னிடம் நீட்டினார்.

மாதக் கடைசி வந்தது. கடை திறந்தே இருந்தது. அண்ணன் கை எவ்வளவு உயர்கிறது என்று அளக்க என்னிடம் ஒரு கருவி உண்டு. அன்று அதை மேசையிலேயே விட்டுவிட்டு, தம்பியைத் திரும்பி நிற்கச் சொன்னேன்.

"மேல இருக்கறதை வேற கடையில வெட்டிக்கலாமே?"

"எனக்கென்ன அவசரம்?"

வெட்டு காதுக்கு மேலே இரண்டு விரற்கடை ஏறியிருந்தது.