தொள்ளாயிரத்து எண்பது

பதினோராம் நாள் காலையில், சிம்ரனைச் சக்கர நாற்காலியில் கூட்டிப்போய்க் குழந்தையைக் காட்டலாம் என்று டாக்டர் சொன்னபோது, ஜெபகுமாருக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. ஏழாம் மாதத்திலேயே பி.பி. ஏறி, ஆபரேஷன் செய்து எடுத்த பெண்குழந்தை. தாய் இரண்டாம் மாடி வார்டில், பிள்ளை கீழே கண்ணாடிப் பெட்டியில். நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். அவனைக் கண்டதும் சிம்ரன் கேட்பது எடையைத்தான். பிறக்கும்போது ஆயிரத்து நூறு கிராம். மூன்றாம் நாள் ஆயிரத்து முப்பதாகக் குறைந்தபோது, அவள் முகத்தைப் பார்த்து, "பத்து கிராம் ஏறியிருக்குதும்மா" என்று சொல்லிவிட்டான். அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை. பெட்டியில் மாட்டிய எடைச் சீட்டில் குறையக் குறைய, அவன் வாயில் குழந்தை வளர்ந்துகொண்டே போனது. நேற்று ஆயிரத்து இருநூறைத் தொட்டுவிட்டது. பக்கத்துக் கட்டில்காரியிடம் சிம்ரன் அதைப் பெருமையாகச் சொன்னபோது, தண்ணீர் பிடித்து வருவதாக வெளியே போய்விட்டான்.

லிஃப்டில் சொல்லிவிடலாம் என்று நினைத்தான். நடுவில் இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். கீழே வந்து குழாயடியில் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவினான். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் வேலை. நகக்கண்ணில் இருந்த அரக்குச் சிவப்பு எவ்வளவு தேய்த்தாலும் போகாது. இருந்தும் இரண்டு தடவை தேய்த்தான். உள்ளே போகாமல் இருக்கும் நேரம் கொஞ்சம் நீளட்டும் என்றுதான்.

பெட்டியில் 'சிம்ரன் பேபி' என்று ஒட்டியிருந்தது. மூக்கில் குழாய், நெஞ்சில் ஒயர், உள்ளங்கை அளவு முதுகு. சிம்ரன் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேலே மாட்டியிருந்த சீட்டைப் பார்த்தாள். பத்தாவது வரை படித்தவள். முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் தொள்ளாயிரத்து எண்பது.

"மாமா, தெனமும் நீ சொன்னது எந்தப் புள்ளைய?"

"உனக்கு பி.பி. ஏறிடும்னு…"

"நான் அழுவேன்னு மறைச்சே. சரி. நீ எங்க போய் அழுத?"

அவன் தரையைப் பார்த்தான். "வண்டி ஸ்டாண்டுல."

நர்ஸ் சத்யப்ரியா வந்து, "கொறமாசக் கொழந்தைங்களுக்கு மொதல்ல எடை கொறயத்தான்மா செய்யும். மூணு நாளா கொறயாம நிக்குது, பாருங்க" என்று சொல்லி, சிம்ரனின் மேலங்கியை விலக்கிக் குழந்தையை நெஞ்சோடு படுக்க வைத்தாள். சிம்ரன் மூச்சுவிடவே பயந்தவளாக உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது, மெஷின் கத்தியது. அதில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பச்சை எண் தொண்ணூற்று நான்கிலிருந்து எண்பதுக்குக் கீழே சரிந்தது. சத்யப்ரியா பதறாமல் குழந்தையின் பாதத்தை விரலால் இரண்டு தட்டு தட்டினாள். சின்ன உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. எண் மெல்ல ஏறியது.

"மூச்சு வுட மறந்துடும்மா. தட்டுனா ஞாபகம் வந்துடும்" என்றபடி அடுத்த பெட்டிக்குப் போனாள்.

சிம்ரன் அவன் பக்கம் திரும்பினாள். "இது தெனமும் நடக்குதா?"

"நாலஞ்சு தடவ."

"இத்தயும் சொல்லல."

 அவன் நாற்காலிப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். பத்து நாளில் அவன் ஒழுங்காக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"மொதல்லருந்து சொல்லு. ஒண்ணும் வுடாத."

சொன்னான். இரண்டாம் நாள் மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கில் கண்ணைக் கட்டிப் படுக்க வைத்தது. நான்காம் நாள் நரம்பு கிடைக்காமல் தலையில் ஊசி குத்தியது. ஐந்தாம் நாள் ரத்தம் ஏற்றியது. ஆறாம் நாள் அவள் பாலை முதல்முறையாகக் குழாய் வழியே விட்டது, இரண்டு மில்லி.  அவள் அழவில்லை. ஒரு கை குழந்தையின் முதுகில், கண் மட்டும் அந்தப் பச்சை எண்ணில்.

"அப்பறம்?" என்றாள்.

தொண்ணூற்று ஒன்று. எண்பத்தொன்பது. தொண்ணூறு. அவன் ஏழாம் நாளைச் சொல்ல ஆரம்பித்தான்.