நெக்டோ சோஸ்

கரண்டியால் பருக்கிய மண் தண்ணீரை அழகரத்தினம் பெரிய மாமாவின் வெள்ளை வேட்டியிலேயே துப்பினார். பெரியாஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்திய நாளிலிருந்து கை காலை அசைக்காமல் கிடந்த மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று கட்டிலைச் சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை. மகள் வதனிக்கு மட்டும் சிரிப்பு வந்தது. அப்பாவின் தலையை அவள்தான் தாங்கிப் பிடித்திருந்தாள், முகத்தைத் திருப்பவும் வழியில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

போகிற சீவன் போகாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால், அது ஏதோ ஓர் ஆசையில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பது ஊர்க்கணக்கு. பொன்னாசையாக இருக்குமோ என்று சீதேவி முதலில் தன் தாலிக்கொடியைப் பாலில் உரசிப் புருஷனுக்குக் கொடுத்துப் பார்த்தாள். பால் கடைவாயால் வழிந்ததோடு சரி. பொன் இல்லையென்றால் மண்தான் என்று முடிவுகட்டிய அவளுடைய அண்ணன், அதாவது பெரிய மாமா, வாவியைக் கடந்து படுவான்கரைக்குப் போனார். தங்கைக்குச் சீதனமாகக் கொடுத்த வயல் கிடக்கும் வட்டையில் ஒரு பிடி மண் அள்ளிவந்து தன் கையாலேயே கரைத்தார். வயல் செய்தவனின் உயிர் வேறு எங்கே மாட்டியிருக்கப் போகிறது என்பது அவருடைய நியாயம்.

அந்த வயலை அழகரத்தினம் எவ்வளவு வெறுத்தார் என்பது பெரிய மாமாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் நம்பமாட்டார். ஒரு போகம் வெள்ளம், மறுபோகம் யானை, இரண்டும் வராத போகத்தில் நெல்லுக்கு விலை இல்லை. அதிலிருந்து தப்பத்தான் மனுஷன் பாசிக்குடாவுக்கு ஓடிப்போய், ஒரு ஹோட்டலில் கடற்கரையோரம் கோழி சுடுகிற வேலையில் சேர்ந்தார். பெரிய மாமாவோ கோழி மேய்த்தாலும் கவர்மெந்தில் மேய்க்க வேண்டும் என்கிற ஆள். மச்சான் ஹோட்டலில் கணக்கு வேலை பார்க்கிறார் என்றுதான் ஊருக்குச் சொல்லிவந்தார்.

உயிர் எப்போது போகும் என்பதல்ல வதனியின் கவலை. தன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாரோ என்றுதான் அவள் பயந்தாள். சீனி வருத்தம் ஒரு காலின் விரல்களைத் தின்று, பிறகு கிட்னியில் கைவைத்த பின்பும் அப்பா நெக்டோ சோடாவை விடவில்லை. வீட்டில் எங்கே ஒளித்தாலும் அவள் கண்டுபிடித்தாள். தைப்பொங்கலுக்கு முன்னால் கோழிக்கூட்டுக்குள் ஒரு பெரிய போத்தல் அகப்பட்டது. அப்பாவின் கண்ணுக்கு முன்னாலேயே அதை முருங்கையடியில் கவிழ்த்து ஊற்றினாள். சிவப்பு நுரை மண்ணில் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. மற்ற எல்லோரோடும் பேசினார், கோழியோடும் பேசினார். தண்ணீர் தவித்தால், வதனி பக்கத்தில் நின்றாலும், அறைக்குள் இருக்கிற மனைவியைக் கூப்பிட்டு, “உன்ட மகள்ட்டத் தண்ணி கேளு” என்பார். அவளும் வீம்புக்காரி, தகப்பனுக்குத் தப்பாத பிள்ளை. “அவருக்கு வாயில்லையாமா?” என்று தாயிடமே திருப்பிக் கேட்டாள். ஆனால் ஒவ்வொரு நாளும் அது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டுதான் இருந்தது.

மண்ணைத் துப்பியபோது அப்பாவின் முகம் சுருங்கியதைப் பார்த்த கணத்தில் அவளுக்கு ஒன்று விளங்கியது. இந்த மனுஷனுக்கு நாக்கு இன்னும் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த டொக்டரும், இனிப் பத்தியம் வேண்டாம், ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார். இத்தனை வருஷம் கொடுக்காதே கொடுக்காதே என்று கேட்டே பழகிய காதுக்குள் அந்தச் சொல் அதுவரை இறங்கியிருக்கவில்லை.

புருஷன் உதயரூபனைக் கடைக்கு அனுப்பி நெக்டோவில் பெரிய போத்தலாக இரண்டு வாங்குவித்தாள். அவன் எதற்கென்று கேட்கவில்லை. மாமனாரோடு சேர்ந்து களவாக அதைக் குடித்த ஆள் அவன்.

அழகரத்தினத்தின் வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய வெற்றி உண்டு. மழை பெய்து றோட்டு வெட்டுப்பட்ட ஒரு நாள், ஹோட்டலில் கோழிக்குப் பூசுகிற பார்பிகியூ சோஸ் தீர்ந்துபோயிற்று. கடற்கரையில் வெள்ளைக்காரர்கள் தட்டோடு குந்தியிருக்கிறார்கள், சிரட்டைக்கரி கனன்றுகொண்டிருக்கிறது. அவர் அடுக்கில் இருந்த நெக்டோப் போத்தல்களின் மூடியை உடைத்துச் சட்டியில் ஊற்றி, உள்ளியும் செத்தல் மிளகாயும் இடித்துப் போட்டு, தக்காளி சோஸும் விநாகிரியும் கொஞ்சம் பழப்புளியும் விட்டுப் பாகுபோல வற்றக் காய்ச்சிவிட்டார். வந்தவர்கள் விரலைச் சூப்பிக்கொண்டு இன்னும் கேட்டார்களாம். அதன் பிறகு ஹோட்டல் போத்தல் சோஸ் வாங்கவேயில்லை என்பது அப்பா சொல்கிற கதை. லீவில் வந்தால் வீட்டிலும் காய்ச்சுவார். சோடாவில் கறி வைக்கிற மனுஷன் என்று ஊர் சிரித்தது, கறியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் சிரித்தது.

அந்தச் சோஸையே காய்ச்சிக் கொடுப்பது என்று நினைத்த வதனி, அளவு தெரியாமல் ஓட்டமாவடிக்குப் போன் எடுத்தாள். ஹோட்டலில் அப்பாவோடு அடுப்படியில் நின்ற றவூப் அங்கேதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரித்தார், சிரித்த வாயோடே அழுதார். அழகண்ணன் ஒருநாளும் அளந்து போட்டதில்லை என்றும், மணத்தைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தெரியும் என்றும் சொன்னார். இதை ஒரு உதவி என்று எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

சட்டியில் ஊற்றிய சோடா சீறிப் பொங்கி அடங்கியது. வற்ற வற்ற மணம் வீடு முழுக்கப் பரவிற்று. சாவுக்காகக் காத்திருக்கிற வீட்டில் கலியாண வீட்டு மணம். சோஸ் தடிக்கிற நேரம் பார்த்துப் பக்கத்து வளவுக் கேதீஸ்வரி அப்பாவைப் பார்க்க வந்தாள். பார்க்க வந்தவள் சும்மா பார்ப்பாளா? தன்னுடைய மாமியார் இழுத்துக்கொண்டு கிடந்த கதையைத் தொடக்கத்திலிருந்து எடுத்தாள். பாதியில் எழும்பிப் போனால் மரியாதையில்லை என்று வதனி தலையாட்டிக்கொண்டு நின்றாள். கரியல் மணம் மூக்கில் அடித்தபிறகுதான் குசினிக்கு ஓடினாள்.

அடி பிடித்துவிட்டது. மேலாக வழித்து ஒரு கோப்பையில் எடுத்தாள். இன்னொரு முறை காய்ச்ச நேரம் கிடைக்குமோ என்னவோ, அந்த மூச்சை நம்ப முடியாது. கோப்பையோடு கட்டிலடிக்கு வந்தவளைப் பெரிய மாமா மறித்தார்.

“என்ன புள்ள இது? போற சீவனுக்குப் பால் குடுப்பாங்க, இளநி குடுப்பாங்க. நீ கோழிக்குப் பூசுறதக் கொண்டு வாறாய்.”

“மண்ணையே குடுத்திற்றம் மாமா. இதக் குடுத்தா என்ன?”

வேட்டியை மாற்றிவிட்டு வந்திருந்த பெரிய மாமா இந்தமுறை கட்டிலை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வதனி சுட்டுவிரலில் தொட்டு அப்பாவின் நாக்கில் தடவினாள். வாய் மூடிக்கொண்டது. தாடை மெல்ல அசைந்தது. சீதேவி திருநீற்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா கண்ணைத் திறந்தார். மேலே பார்க்கவில்லை, மனைவியைத் தேடவில்லை. நேரே வதனியைப் பார்த்தார்.

“அடி புடிச்சிற்று.”

குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“ஓம் அப்பா” என்றாள்.

“கிண்டாம எங்க போன நீ?”

“கேதீஸ்வரியக்கா வந்தவ அப்பா.”

“அவ வந்தா அடுப்ப மறக்கிறதா?” கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். பிறகு, “மகள், தண்ணி தா” என்றார்.

உன் மகளிடம் கேள் என்று சொல்லவில்லை. வதனி தண்ணீர் எடுக்கப் போன வேகத்தில் குடத்துச் செம்பு கைதவறி உருண்டது. ஊரே கூடி நிற்கும்போது தகப்பனிடம் ஏச்சு வாங்கியவளுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று கேதீஸ்வரி அதிசயப்பட்டாள். நெஞ்சில் இத்தனை நாள் கிடந்த கல்லை யாரோ தூக்கி வாவியில் எறிந்ததுபோல இருந்தது வதனிக்கு. குசினிச் சுவரில் சாய்ந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். நாளைக்கு வடிவாகக் காய்ச்சித் தருவதாகச் சொன்னாள். அவர் தலையை அசைத்தார்.

மறுநாள் விடிந்து வெயில் ஏறியதும் மற்றப் போத்தலை உடைத்தாள். மச்சானின் முகம் தெளிந்துவிட்டது, இனிக் கொஞ்சநாள் கிடப்பார் என்று சொல்லிவிட்டுப் பெரிய மாமா வீட்டுக்குப் போயிருந்தார். உதயரூபன் கடைக்குப் போயிருந்தான். சீதேவி இரவெல்லாம் விழித்த அலுப்புத் தீரக் கிணற்றடியில் முழுகிக்கொண்டிருந்தாள். குசினிக்கும் அப்பா கிடந்த அறைக்கும் நடுவில் ஒரு கதவுதான். வதனி அதை அகலத் திறந்துவைத்துவிட்டு அடுப்படியில் நின்றாள். இன்றைக்கு யார் வந்தாலும் நகருவதில்லை என்ற முடிவோடு நின்றாள்.

“நுரை அடங்கிற்றா?” என்று உள்ளே இருந்து குரல் வந்தது.

“அடங்கிற்று அப்பா. இப்பதான் தக்காளி சோஸ் விட்டன்.”

“விநாகிரி?”

“விட்டன்.”

“ம்.”

அகப்பையை அடியில் படியப் பிடித்துக் கிண்டினாள். விறகைப் பின்னுக்கு இழுத்துத் தணலைக் குறைத்தாள். புளி விடட்டுமா என்று கேட்டாள். பதில் இல்லை. தூங்கிவிட்டாராக்கும் என்று நினைத்து, புளியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அப்பா குசினிப் பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கிடந்தார். கண் பாதி திறந்திருந்தது. இத்தனை நாளாக அறையை நிறைத்துக்கொண்டிருந்த அந்த இழுப்புச் சத்தம் இல்லை. கிட்டப் போய் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். இமையை மூடிவிட்டாள். போர்வையை நேராக்கினாள்.

இப்போது அவள் வாய்விட்டுக் கத்த வேண்டும். கத்தினால் அம்மா ஈரச்சேலையோடு ஓடிவருவாள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேதீஸ்வரி வருவாள், வந்ததும் யாராவது ஒருத்தி அடுப்பில் தண்ணீரை ஊற்றுவாள். செத்தவீட்டில் பிரேதம் எடுக்கும்வரை அடுப்பெரியக் கூடாது, அயல்வீட்டுச் சோறுதான். அது முறை. அதை அவளும் மீறப்போவதில்லை.

அழுகை வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. அவருக்கு நோவு விட்டது, தனக்கு அவர் மனஸ்தாபம் விட்டது. பெற்ற தகப்பன் பிணமாகக் கிடக்கும்போது இப்படி ஒரு நிம்மதி வரலாமா என்று யோசிக்க நேரம் இல்லை. குசினியில் சோஸ் தடித்துக்கொண்டிருந்தது.

வதனி அடுப்படிக்குத் திரும்பி வந்தாள். அகப்பையை எடுத்து, சட்டியின் விளிம்பிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து விளிம்புக்கு, விடாமல் கிண்டினாள். கிணற்றில் வாளி விழுகிற சத்தமும் அம்மா தலையில் தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. சோஸ் கறுத்து மினுங்கி, அகப்பையின் முதுகில் ஒட்டி நின்றது. சட்டியை இறக்கிச் சரித்துப் பார்த்தாள். அடியில் ஒரு கருகல் இல்லை.

மூடியால் மூடினாள். செம்பில் தண்ணீர் எடுத்துத் தணலில் ஊற்றினாள். புகை அடங்கும்வரை நின்றுவிட்டு, பின்கதவைத் திறந்து அம்மாவைக் கூப்பிட்டாள்.