ஜசீரா திரும்பிய பக்கம்

முகமூடி போட்டால் முகம்தான் மறையும், கால் எங்கே மறைகிறது? சனிக்கிழமை மாறுவேட நடனத்தில் பேய்களும் கடற்கொள்ளையர்களும் இளவரசிகளும் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். தூணோரம் ஒரு கோமாளி, தாளத்துக்கு இடது குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஜசீராவின் கண் அங்கேயே நின்றது. எத்தனையோ வருஷமாக அந்தக் குதிகாலோடு ஆடுகிறவளுக்கா தெரியாது? நித்தெரோய் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன அவளுடைய ஆட்ட ஜோடி ஓசேயாஸ்!

அவனோடு பேசிக்கொண்டிருந்தவர் முகமூடியே போடவில்லை. பச்சைத் தொப்பி, பச்சைச் சட்டை. கார்னிவல் அணிவகுப்புப் போட்டியில் இவர்களோடு மோதும் எதிர் ஆட்ட மன்றத்து இயக்குநர் வால்மோர். ஓசேயாஸ் கையைக் காற்றில் சுழற்றி என்னவோ விளக்க, வால்மோர் தலையாட்ட, கடைசியில் இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

"பார்த்தியாக்கா? இவன் மன்றம் மாறப்போறான்னு நான் சொன்னப்போ வாயைக் கழுவுடின்னே," என்று காதைக் கடித்தாள் நீல்சா. ஜசீராவுக்கு அணிவகுப்பு உடை உடுத்திவிடுகிறவள். ஒரு வம்பை அடுத்தவர் காதில் போடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"வாயை மூடு. கன்னியாஸ்திரீ வேஷம் போட்டிருக்கேன், கெட்ட வார்த்தை பேச வைக்காதே," என்றாள் ஜசீரா.

அன்றிரவு அவள் தூங்கவில்லை. மன்றம் மாறுவது ஒன்றும் கொலைக்குற்றம் அல்ல. கார்னிவல் முடிந்ததும் பாதிப் பேர் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே போகிறவர்கள்தான். ஆனால் பெத்ரெய்ரா மன்றத்தின் கொடியைச் சுமப்பவள் அவள். அதைச் சுற்றி ஆடிக் காவல் காப்பவன் ஓசேயாஸ். அணிவகுப்பில் நடுவர்கள் முன்னால் கொடித் துணி கம்பத்தில் ஒரு சுற்றுச் சுருண்டால் போதும், மதிப்பெண் போச்சு. பாவாடையின் அகலத்துக்கும் தலை அலங்காரத்தின் உயரத்துக்கும் அவளால் பின்னால் பார்க்க முடியாது. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து, உதடு அசையாமல் "வலம்", "இடம்" என்பான் அவன். அவள் யோசிக்காமல் திரும்புவாள். புகுந்த வீட்டுக்குச் சீர் கொண்டுபோவதுபோல, இந்த வருஷத்து மதிப்பெண்ணை இவன் அந்தப் பச்சைக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால்? கொடியை விட்டால் அவளுக்கு வேறென்ன இருக்கிறது? முழங்கால் தேய்ந்த நாற்பத்தாறு வயதுக்காரிக்கு யார் இன்னொரு கொடி தருவார்கள்?

ஞாயிறு ராத்திரி அணிவகுப்பில் எல்லா மன்றங்களுக்கும் பிறகுதான் பெத்ரெய்ராவின் முறை. திங்கள் விடியும் நேரத்தில்தான் வரிசை நகர்ந்தது. ஓசேயாஸ் ஊதாச் சட்டையும் வெள்ளைப் பொய்முடியுமாகச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"தொண்டை காஞ்சிடும், குடி," என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"நீ முதல்ல குடி."

"என்னது?"

"குடிய்யா. காது கேக்கலயா?"

அவன் குடித்துவிட்டுக் கொடுத்தான். அப்போதும் அவள் வாங்கவில்லை. கம்பத்தின் மேல்முடிச்சைச் சரிபார்க்க அவன் கை வைத்தபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"காலையிலேயே கடுகடுன்னு இருக்கியே, என்ன ஆச்சு உனக்கு? ராத்திரி பீன்ஸ் சேரலையா?"

"நித்தெரோய்ல உங்க அக்கா சௌக்கியமா?"

ஒரு கணம் அவன் முகம் செத்தது. "சௌக்கியம்தான்," என்றான். பொய்! கூசாமல் பொய்! அவளுக்குக் கம்பத்தாலேயே ஒன்று போடலாம்போல வந்தது. அதற்குள் முரசுகள் எழும்பிவிட்டன.

ஆனாலும் என்ன ஆட்டம் ஆடினார்கள்! ஓசேயாஸ் விசிறியை விரித்துக் குனிந்து நிமிர, அவள் சுழலச் சுழலப் பாவாடை தரையை விட்டு எழுந்தது. வீதியோரப் பார்வை மேடைகளில் சனம் அவள் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவள் கண் மட்டும் அவன் முகத்தை விட்டு அகலவில்லை.

நடுவர் கூண்டுக்கு முன்னால் வந்ததும் காற்று மாறியது.

"வலம்," என்றான் ஓசேயாஸ்.

இதோ, இங்கேதானே கவிழ்ப்பான், என்று நினைத்தாள். இடப்பக்கம் திரும்பினாள்.

துணி படபடத்துக் கம்பத்தைக் கட்டிக்கொண்டது. ஓசேயாஸ் பாய்ந்து வந்து, அதுவும் ஆட்டத்தில் ஒரு அடவு என்பதுபோல, முனையைப் பிடித்து விரித்துவிட்டான். புன்னகை மாறவில்லை. கூண்டுக்குள் ஒரு நடுவர் தலையைக் குனிந்து எழுதினார். அவள் பார்த்தாள்.

அணிவகுப்பு வீதி முடிந்து, தேர்கள் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் பச்சைத் தொப்பி காத்திருந்தது. வால்மோர் அவளுக்குத் தலை வணங்கினார். ஓசேயாஸிடம் மெதுவாகத்தான் பேசினார், ஆனால் அவள் காதில் விழுந்தது.

"மன்னிச்சுக்கப்பா. ரெண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம்னு நீ பிடிவாதமா நின்னே, சரின்னு கையும் குடுத்தேன். ஆனா கொடி சுருண்டதை எங்க ஆளுங்க அத்தனை பேரும் மேல உக்காந்து பார்த்துட்டாங்க. உனக்கு மட்டும்னா இடம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சொல்லு." அவர் போய்விட்டார்.

ஜசீரா ஓசேயாஸ் பக்கம் திரும்பினாள். "ரெண்டு பேரா? எதுக்கு? எனக்குத்தான் இங்கே கொடி இருக்கே?"

ஓசேயாஸ் பொய்முடியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "இல்ல ஜசீரா. நம்ம மன்றத் தலைவர் போன மாசமே முடிவு பண்ணிட்டாரு. அடுத்த வருஷம் கொடி அவரு தம்பி பொண்ணுக்கு. என்கிட்ட சொன்னாரு, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரு."

"நீ ஏன்யா சொல்லல?"

"சொன்னா எப்படி ஆடுவே? இன்னொரு இடம் பார்த்து வச்சுட்டு, ஆடி முடிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்." கையிலிருந்த விசிறியை மடக்கினான். "வலம்னு சொன்னேனே. ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்லையே. ஏன் அந்தப் பக்கம் திரும்பினே?"

உன்னைத் திருடன் என்று நினைத்தேன் என்று எப்படிச் சொல்வது? சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்தான், திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அவருகிட்ட சரின்னு சொல்லிடு," என்றாள்.

"அதெல்லாம் பேசாதே."

"சொல்லுய்யா. உன் காலாவது ஆடட்டும்."

இல்லை என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். அவன் கொடியின் முனையை எடுத்து முத்தமிட்டு, அவள் கையில் வைத்துவிட்டு, பச்சைத் தொப்பி போன திசையில் நடந்தான்.