எட்டாவது பாட்டின் டிராம்போன்

பஸ் பணிமனையில் மதியச் சாப்பாட்டு நேரம். கை கிரீஸை அரைகுறையாகத் துடைத்துவிட்டு, அவள் இயர்போனைக் காதில் செருகினாள். அவளும் தம்பியும் இருக்கும், ஜமைக்காவின் துள்ளலிசையான ஸ்கா வாசிக்கும் குழுவின் நான்காவது ஆல்பம் அது. எந்தக் கம்பெனியின் தயவும் இல்லாமல், ஏழு பேரும் வேலைக்குப் போய்க்கொண்டே ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் பதிவு செய்த ஒன்பது பாட்டு. மெருகேற்றி முடித்த பிரதி அன்று காலைதான் போனுக்கு வந்திருந்தது.

முதல் பாட்டு துள்ளிக்கொண்டு கிளம்பியது. தாளத்தின் இடைவெளியில் தம்பியின் கிட்டார் 'சக் சக்' என்று வெட்டியது. அதன்மேல் அவள் வாசிக்கும் பித்தளைக் குழலான டிராம்போன் ஏறியதும் அவள் சாப்பாட்டை மூடி வைத்தாள். அது அவள் ஊதியது இல்லை. சுரம் சுத்தமாக இருந்தது, மூச்சுதான் இல்லை. இஸ்திரி போட்டு மடித்த சட்டை மாதிரி. ஒன்பதையும் ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில்கூட அவள் இல்லை.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் பதிவு அறைக்கு நடந்தாள். மரச்சாமான் கிடங்குக்கு மேலே, சுவரெல்லாம் பழைய மெத்தை சாத்திய அறை. ஒலிப்பதிவாளரோடு தம்பியும் டிரம்ஸ் வாசிக்கும் மொட்டையும் உட்கார்ந்து அட்டைப்படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் டிராம்போன் எங்க?"

ஒலிப்பதிவாளர் நாற்காலியைத் திருப்பித் தம்பியைப் பார்த்தார்.

"கீபோர்டுல வாசிச்சுப் போட்டுட்டோம்க்கா," என்றான் தம்பி. "நீ ஷிஃப்ட் முடிச்சு ஓய்ஞ்சு போய் வர்ற. அங்கங்க இழுக்குது. சொன்னா மனசு கஷ்டப்படுவியேன்னு..."

"என்னை அழிச்சுட்டு எனக்கே அனுப்பி வச்சிருக்க. அப்ப கஷ்டப்படாதா? அட்டைல என் பேரு எதுக்குடா?"

"எனக்கு சத்தியமா தெரியாதுக்கா," என்றான் மொட்டை.

"நீ ஒன்பது பாட்டையும் கேட்டியா இல்லையா?"

மொட்டை தலையைக் குனிந்துகொண்டான். கேட்டிருக்கிறான். வித்தியாசம் தெரியவில்லை. தம்பி செய்ததைவிட அதுதான் அவளைச் சுட்டது.

"நான் ஊதினதைப் போடுங்க சார்."

போட்டார். நின்றபடியே கேட்டார்கள். எட்டாவது பாட்டில் அவள் நிஜமாகவே பின்தங்கியிருந்தாள். இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்த நாள் அது.

"இது மோசம்தான், ஒத்துக்கறேன். மத்த எட்டுக்கு என்ன கேடு?"

ஒலிப்பதிவாளர் ஒலியைக் குறைத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் பத்து தடவை ஊதியிருப்பேன். பிரேக் பிடிக்கலன்னா பஸ் டிரைவர் நேரா வந்து என்னைத் திட்டறான். அவனுக்கு இருக்கற தைரியம் கூடப் பொறந்த உனக்கு இல்ல. ஞாயித்துக்கிழமை ஏழு பேரும் வரணும். எட்டாவது பாட்டை ஒண்ணா நின்னு வாசிப்போம். அப்ப யாரு இழுக்கறாங்கன்னு பார்த்துடலாம்."

ஏழு பேரும் வந்தார்கள். சிரிப்பு, கிண்டல் எதுவும் இல்லை. இரண்டாம் தடவை தம்பியின் கம்பி அறுந்தது. ஐந்தாம் தடவை மொட்டை தாளத்தைக் கோட்டை விட்டான். அவள் எதுவும் சொல்லாமல் ஊதுவாயைத் துடைத்துக்கொண்டு, "மறுபடி" என்றாள். பதினோராவது தடவை பாட்டு நெருப்பாக நின்றது. அவள் உதடு வீங்கிப்போயிருந்தது. ஒலிப்பதிவாளர் எழுந்தே நின்றுவிட்டார். "இதுல கை வைக்க மாட்டேன். மத்த எட்டுலயும் நீங்க ஊதினதையே திருப்பிப் போட்டுடறேன்," என்றார்.

படியிறங்கும்போது தம்பி பின்னாலேயே வந்தான். "சாரிக்கா."

அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஆல்பம் அப்படியேதான் வெளிவந்தது. மேடையில் அவன் பக்கத்தில்தான் நிற்கிறாள், ஓர் அடி பிசகுவதில்லை. கீழே இறங்கினால் பேச்சு கிடையாது. சமாதானம் பேச வந்த அம்மாவிடமும் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாள்: "தப்புன்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்ல அவன் பழகட்டும்மா. அதுக்கப்புறம் பேசறேன்."