மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டிய ஊர்

மாவனல்லையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கியதிலிருந்து ஹிமாயாவுக்கு எதுவும் உறைக்கவில்லை. கட்டாரில் வேலை செய்யும் மாப்பிள்ளை அஸ்கியின் தாய் றஹீமாவுக்கும் தங்கை மர்ஷூதாவுக்கும் கல்முனையைச் சுற்றிக் காட்டுவது அவள் பொறுப்பு. மலைநாட்டு ஆட்கள், கடலுக்குப் பயந்தால் கலியாணம் நின்றுவிடும் என்று உம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். மகன் வந்து குடியிருக்கப்போகும் ஊர் தாய்க்குப் பிடிக்க வேண்டுமே. வாப்பா ஹிமாயாவின் பேரில் கட்டிய வீடு கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

கடற்கரைப் பள்ளிவாசலின் முன்னால் நின்று, கொடியேற்ற மாதத்தில் இந்த மணலில் கால் வைக்க இடமிருக்காது என்றாள். வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"சுனாமி எதுவரைக்கும் வந்த?" என்று மர்ஷூதா கேட்டாள்.

"இந்தப் பக்கம் முழுக்க. எங்கட வீடு பொறகு கட்டின."

றஹீமா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றார். பயந்தவராகத் தெரியவில்லை.

"வடிவா பாத்துக்கங்க மகள். எங்கட ஊருல ஆறு மட்டும்தான் ஈக்கி" என்றார் ஹிமாயாவிடம்.

"கடல் நெனவு வந்தா மைனிக்கு ஒரு வாளி உப்புத்தண்ணி கலக்கிக் குடுப்போம்" என்றாள் மர்ஷூதா. "மேல் ரூமுக்கு நீலப் பெயின்ட் அடிச்சீக்கி. ஜன்னலத் தொறந்தா மலை."

"ஆருக்கு அந்த ரூம்?"

"ஒங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

ஹிமாயா தண்ணீரைப் பார்த்தாள். மஹர், திகதி, சாப்பாடு எல்லாம் ஆண்கள் பேசி முடித்திருந்தார்கள். யார் யாருடைய வீட்டுக்குப் போவது என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இங்கே பெண் போவதில்லை, அங்கே ஆண் போவதில்லை. ஊருக்கே தெரிந்ததை எதற்குக் கேட்பது?

பேசாமல் இருந்தால் இன்றைய பொழுது நல்லபடியாகப் போய்விடும்.

"மாமி, இங்க மாப்பிள்ளதான் பொம்புள ஊட்டுக்கு வாற. நான் வரமாட்டன்."

றஹீமா சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"ஒத்த ஆம்புளப் புள்ளய நான் இந்தக் கடக்கரைல உட்டுட்டுப் போறதா?"

"ஓம் மாமி."

அலை வந்து மூன்று பேருடைய காலையும் நனைத்துப் போனது. றஹீமா செருப்பை மாட்டிக்கொண்டார்.

மருதமுனையில் கைத்தறிச் சேலை பார்ப்பது மிச்சம் இருந்தது. வேன்காரர் காலையில் சொல்லியிருந்தபடி அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். கடைக்காரர் ஆதம்பாவா, கலியாணச் சேலைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார்.

"பொண்ணுக்கு என்ன நிறம் புடிக்கும்?"

"சும்மா பாக்கத்தான் வந்த" என்றார் றஹீமா.

விரித்த சேலைகளை மடிக்க ஆதம்பாவாவுக்கு ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. ஹிமாயா பிடித்தாள்.