குளியல் தொட்டியில் வளர்ந்தது

யாராவது கேட்டால் பூஞ்சணம் எனச் சொல்லிவிடலாம் என்று நிரஞ்சலா நினைத்தாள். டூங்கபிப் புறநகரில் அவள் வீட்டுக் குளியல் தொட்டியில் பவளம் முளைத்திருந்தது. டிசம்பரில் உள்ளங்கை அளவாக இருந்தது, புதுவருடம் பிறக்குமுன் தொட்டியை நிறைத்துவிட்டது. தண்ணீர் உப்புக் கரித்தது. கடலைப்போல நாளுக்கு இருமுறை ஏறி வற்றியது. கணவன் றமேஸ் வேலைத்தலத்தில் குளிக்கப் பழகிக்கொண்டான். அடுத்த தெரு அஞ்சலீனா அன்ரி, மன்னார்க்காரி, எட்டிப் பார்த்து, "சுட்டால் நல்ல சுண்ணாம்பு வரும் பிள்ளை" என்றுவிட்டுத் தேத்தண்ணி குடித்துப் போனார்.

அது ஏன் தன் வீட்டுக்கு வந்தது என்று நிரஞ்சலாவுக்கு மட்டும் தெரியும். பக்கத்து நகரான பரமட்டாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் கடல்நீரின் வெப்பத்தைக் கணக்கிடுவது அவள் வேலை. முந்தின வருடம், வடக்கே ஒரு பவளத்திட்டின் அருகே படகுத்துறைக்காகக் கடலடியைத் தோண்டியவர்கள் நீர்ச்சூட்டு அறிக்கை கேட்டிருந்தார்கள்; சூடு கூடி நின்றால் தோண்டலை நிறுத்தவேண்டும். ஒரு நாள் சூடு பவளத்தைக் கொல்லாது. வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு பாகை கூடி எட்டுக் கிழமை, ஏறத்தாழ இரண்டு மாதம், விடாமல் நின்றால் கொல்லும். அந்த எட்டுக் கிழமையும் அவள் கண்முன் இருந்தன. அவள் வருடச் சராசரி எடுத்தாள். குளிர்காலத்தைக் கொண்டு கோடையை ஆற்றி, 'வழமையான நிலை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். தோண்டல் நிற்கவில்லை. சூட்டில் வெளுத்துக் கிடந்த பவளத்தின்மேல் சேறு படிந்தது. அறிக்கை முடிந்ததற்கு அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். அவள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

பெப்ரவரியில் தொட்டித் தண்ணீர் ஒரு பாகை ஏறி அங்கேயே நின்றது. பை பையாகக் கொட்டிய ஐஸ் கரைந்தது, சூடு குறையவில்லை. ஐந்தாம் கிழமை பவளம் வெள்ளையானது. வெளுத்தது செத்ததல்ல, பட்டினி கிடப்பது. தண்ணீர் ஆறி, மேலே சேறும் விழாதிருந்தால் பிழைக்கும். இது தெரிந்தவள் என்பதால் அதன் முன்னே நின்று பல் துலக்கக் கூசி, குசினியில் பாத்திரம் கழுவுமிடத்தில் துலக்கினாள்.

அந்தக் கிழமைதான் மேலாளர் மோகனதாஸ் இந்த வருட அறிக்கையைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து தங்கிவிட்டவர், பேச்சில் அந்த ஊர் 'லா' விடாதவர், நல்ல மனிதர். அதே திட்டு, அதே ஆட்கள்.

"போன வருசம் செஞ்ச மாதிரியே செஞ்சிரு லா. உனக்குக் கைவந்த வேலைதானே."

பாராட்டாகத்தான் சொன்னார். அவள் முகம் சுட்டது. இந்த வருடத்தின் கிழமைவாரியான எண்களை எடுத்து மேசையில் வைத்தாள். "போன வருசமும் இந்தச் சூடு இருந்தது. நான்தான் மறைச்சனான்."

தாளிலிருந்து கடல்நீர் வழிந்து மேசையில் பரவியது. மோகனதாஸ் டிஷ்யூவால் துடைத்துவிட்டுப் அறிக்கையையும் பேனையையும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, போனது போகட்டும். இப்ப சைன் பண்ணு."

"இல்லை," என்றாள் நிரஞ்சலா, அடுத்த மேசைக்குக் கேட்காத குரலில். "நான் கையெழுத்து வைக்கமாட்டன்."