குருவிக் கடிகாரத்தின் வீடியோ

சுவரில் இருந்த கடிகாரங்கள் எல்லாம் நான்கு அடித்து ஓய்ந்தன. மேசைமேல் இருந்தது மட்டும் அடிக்கவில்லை. அது கிண்ணங்களில் பிரிந்து கிடந்தது.

"அந்த வீடியோவப் போடுடா," என்றாள் அக்கா.

தம்பி கணினி முன் உட்கார்ந்தான். நாற்பது வயதாகி முன்மண்டை வழுக்கை விழுந்தும் இந்தக் கடையில் அவன் 'டேய்'தான். கடிகாரங்களைப் பழுது பார்ப்பது அக்கா. கல்லாவும் கணினியும் அவன் பொறுப்பு.

அக்காவுக்கு ஒரு வழக்கம். எதைக் கழற்றினாலும் மேசைக்கு மேலே தொங்கும் கேமராவை ஓடவிட்டுத்தான் கழற்றுவாள். மாட்டும்போது அந்த வீடியோவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து மாட்டுவாள்.

இது குருவிக் கடிகாரம். மணிக்கொரு தடவை மரக்குருவி கதவைத் திறந்து வந்து கூவும். கண் டாக்டரம்மாவின் அப்பாவுடையது. அவர் நாளைக் காலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். அவர் வரும்போது குருவி கூவ வேண்டும் என்பது மகளின் ஆசை. இன்று மாலை ஆறு மணிக்கு எடுத்துப்போக வருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

தம்பி தேடினான். செவ்வாய்க்கிழமை எடுத்த வீடியோவைக் காணவில்லை.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"தேடுறேன்க்கா."

"நல்லாத் தேடு. நீ பல்லு பிடுங்கப் போன அன்னிக்கு எடுத்தது. கம்ப்யூட்டரக்கூட நானேதான் போட்டேன்."

கணினியில் இடம் போதவில்லை என்று நேற்று பழைய வீடியோக்களை அழித்தவன் அவன். ஆனால் தேதி பார்த்துத்தான் அழித்தான்.

"நேத்து எதையாவது அழிச்சியா?"

"நான் எதுக்குக்கா அழிக்கப் போறேன்?"

"கிடைக்கலன்னா டாக்டரம்மா வீட்டுச் சுவத்துல ஏறி நின்னு நீதான் கூவணும். சொல்லிட்டேன்."

அக்கா எண்ணெய்க் கையைக் கழுவ உள்ளே போனாள். அவன் கணினியின் குப்பைத் தொட்டியைத் திறந்தான். அழித்தவை எல்லாம் அப்படியே கிடந்தன. நேற்று டீ வந்ததும் தொட்டியைக் காலி செய்யாமல் எழுந்துவிட்டிருந்தான். தன் சோம்பேறித்தனத்துக்கு முதல் தடவையாக நன்றி சொன்னான்.

அடியில் இருந்தது அந்த வீடியோ. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி ஒன்றாம் தேதி போட்டிருந்தது. திறந்தால் அக்காவின் விரல்கள், குருவி.

விஷயம் புரிந்துவிட்டது. கணினிக்குள் தேதியைக் காத்து வைக்கும் பொத்தான் பேட்டரி செத்து மாதக்கணக்காகிறது; ஒவ்வொரு தடவை போடும்போதும் தேதி பழையதற்கே போய்விடும். தினமும் காலையில் தேதியைத் திருத்துவது அவன். அன்று அவன் இல்லை. அக்கா திருத்தவில்லை. சுவர் நிறையக் கடிகாரம் இருக்கும்போது கணினியின் மூலையை யார் பார்ப்பார்கள்?

தப்பில் பாதி அக்காவுடையது. அதைச் சொன்னால் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டியிருக்கும்.

"கிடைச்சிருச்சுக்கா!"

"எங்கடா இருந்துச்சு?"

"வேற இடத்துல."

வீடியோ பின்னோக்கி ஓடியது. திருகாணிகள் கிண்ணத்திலிருந்து எழும்பி இடுக்கியில் ஏறின. இடுக்கி அவற்றைத் துளைகளில் வைத்துவிட்டு விலகியது. அக்கா நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினான். ஓட்டச் சொன்னால் ஓட்டினான். குருவியைக் கூவ வைக்கும் காற்றுத் துருத்தியை மாட்டும்போது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

டாக்டரம்மா கடைக்குள் காலை வைப்பதற்கும் குருவி வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. ஆறு தடவை கூவியது.

"எங்கப்பா சும்மா கேக்க மாட்டார்," என்றார் டாக்டரம்மா, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தபடி. "இது கூவக் கூவ அவரும் பதிலுக்குக் கூவுவார்."

கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனார். அக்கா நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினாள். முகம் குளிர்ந்திருந்தது.

"டீ சொல்லட்டுமாக்கா?"

"சொல்லு. ஏன்டா, வேற இடத்துல இருந்துச்சுன்னியே, அது எந்த இடம்?"